துணைக்கு வந்தவர் கேப்டன் ஆன கதை

2005 வாக்கில் இங்கிலாந்தில் காலேஜ் படித்தவர்களுக்கு கைசர் சீஃப்ஸ் என்ற ராக் பேண்ட் நன்றாக ஞாபகம் இருக்கும். ரேடியோவைத் திருப்பினால் அவர்கள் பாட்டுதான். லீட்ஸ் நகரத்தில் உருவான பேண்ட் அது. அதில் கைசர் என்று யாரும் கிடையாது. அந்தப் பெயர் தென்னாப்பிரிக்காவின் சொவெட்டோவில் பிறந்த ஒரு ஃபுட்பால் கிளப்பின் பெயர். அந்த கிளப்பிலிருந்து லீட்ஸ் யுனைட்டெட் டீமுக்கு வந்த ஒரு டிஃபெண்டர் மேல் பேண்டில் இருந்தவர்களுக்கு அவ்வளவு பிரியம்.

அவர் பெயர் லூகஸ் ராடெபே. இங்கிலாந்து லீக்கில் 200 மேட்ச் ஆடி ஒரு கோல் கூட அடிக்காதவர். ஒரு கோல் கூட அடிக்காத ஆளை நினைத்து ஒரு பேண்ட் எதற்குப் பெயர் வைக்க வேண்டும்? இந்தக் கேள்விதான் என்னை அவர் கதைக்குள் இழுத்தது. படிக்கப் படிக்க, இது ஃபுட்பால் கதையாக மட்டும் இல்லை. பிள்ளையைக் காப்பாற்ற ஊரை விட்டு அனுப்பிய ஒரு வீட்டின் கதை. நம்மில் பலருக்கு ரொம்பப் பழக்கமான கதை.

அனுப்பி வைத்த வீடு

ராடெபே 1969 ஏப்ரல் 12-ல் சொவெட்டோவின் டீப்க்ளூஃப் பகுதியில் பிறந்தார். வீட்டில் மொத்தம் பதினொரு பிள்ளைகள். ஜோகன்னஸ்பர்க் நகரத்தின் வேலைக்குக் கறுப்பர்கள் வேண்டும், ஆனால் அவர்கள் நகரத்துக்குள் குடியிருக்கக் கூடாது என்பது அப்போதைய நிறவெறி அரசின் ஏற்பாடு. அதற்காக ஊருக்கு வெளியே ஒதுக்கிய இடம்தான் சொவெட்டோ.

அவருக்கு ஏழு வயதானபோது, 1976 ஜூன் 16 அன்று, சொவெட்டோ பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள். பாடங்களை ஆஃப்ரிகான்ஸ் மொழியில்தான் படிக்க வேண்டும் என்ற உத்தரவை எதிர்த்துத்தான் அந்த ஊர்வலம். போலீஸ் சுட்டது. அந்த நாளுக்குப் பிறகு சொவெட்டோவில் வளர்ந்த எந்தப் பிள்ளையின் பெற்றோரும் நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள்.

1984-லிருந்து ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றியிருந்த கறுப்பர் குடியிருப்புகள் மறுபடி கொந்தளித்தன. 1985 ஜூலையில் அரசு அவசரநிலை அறிவித்தது. பதினைந்து வயதுப் பையன் தெருவில் நிற்கிறான் என்றால், ஒன்று போராட்டத்தில் இருக்கிறான், இல்லை கேங்கில் இருக்கிறான் என்று அர்த்தம். இரண்டிலுமே குண்டு வரலாம். ராடெபேயின் பெற்றோர் ஒரு முடிவெடுத்தார்கள். மகனை பொபுதட்ஸ்வானாவுக்குப் படிக்க அனுப்பினார்கள்.

அப்படி ஒரு நாடு இன்று மேப்பில் கிடையாது. கறுப்பர்களைத் தன் குடிமக்கள் இல்லை என்று காட்டுவதற்காக நிறவெறி அரசு உண்டாக்கிய பொம்மை ‘நாடு’களில் அதுவும் ஒன்று. 1977-ல் அதற்குச் ‘சுதந்திரம்’ கொடுத்தார்கள். உலகத்தில் வேறு எந்த நாடும் அதை ஏற்கவில்லை. 1994-ல் மறுபடி தென்னாப்பிரிக்காவோடு சேர்ந்துவிட்டது. அநியாயத்துக்காகக் கட்டிய இடம்தான். ஆனாலும் அந்த அம்மா அப்பாவுக்கு அப்போது அது சொவெட்டோவைவிட அமைதியான இடம். அவ்வளவுதான் கணக்கு.

இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். 1983-க்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து பதின்ம வயதுப் பிள்ளைகளைத் தனியாக விமானம் ஏற்றிவிட்ட அம்மாக்களின் கதை இந்தப் பத்திரிகை படிக்கும் எத்தனையோ வீடுகளில் உண்டு. ‘நீ உயிரோட இருந்தா போதும்’ என்று அனுப்பியவர்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று நம் அப்பாக்கள், மாமாக்கள். போன இடத்தில் அவர்களுக்கு முதலில் கிடைத்தது பெரிய வாய்ப்பெல்லாம் இல்லை. தனிமையும், போகாத பொழுதும்தான்.

ராடெபேக்கும் அதேதான். புது ஊரில் பொழுது போகவில்லை. அந்த அலுப்பைப் போக்கத்தான் முறையாக ஃபுட்பால் ஆட ஆரம்பித்தார். அதுவும் கோல்கீப்பராக. அப்புறம் மிட்ஃபீல்டுக்கு மாறினார். 1989-ல் தென்னாப்பிரிக்காவின் மிகப் பிரபலமான கிளப்களில் ஒன்றான கைசர் சீஃப்ஸ் அவரைக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டது.

அந்த கிளப்புக்கும் ஒரு வெளிநாட்டுக் கதை உண்டு. கைசர் மோட்டாங் என்ற சொவெட்டோக்காரர் அமெரிக்கா போய் அட்லாண்டா சீஃப்ஸ் என்ற டீமுக்கு ஆடினார். ஊர் திரும்பி 1970-ல் சொந்த கிளப் ஆரம்பித்தபோது, தன் பெயரையும் அமெரிக்க டீமின் பெயரையும் சேர்த்து வைத்தார். அட்லாண்டாவிலிருந்து சொவெட்டோ, சொவெட்டோவிலிருந்து லீட்ஸ் பேண்ட். பெயர்களும் நம்மைப் போல ஊர் மாறத்தான் செய்கின்றன.

முதுகில் ஒரு குண்டு

1990 பிப்ரவரியில் நெல்சன் மண்டேலா விடுதலையானார். உடனே அமைதி வந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அடுத்த நாலு வருஷம் கறுப்பர் குடியிருப்புகளில் ரத்தம் ஓடியது. 1991-ல் ராடெபே தெருவில் நடந்து போய்க்கொண்டிருந்தபோது யாரோ சுட்டார்கள். குண்டு முதுகில் பாய்ந்தது. அதிர்ஷ்டவசமாக முக்கியமான உறுப்பு எதையும் தொடவில்லை. பிழைத்தார்.

எந்த ஆபத்துக்குப் பயந்து பெற்றோர் அவரை ஊரை விட்டு அனுப்பினார்களோ, அது அவர் பெரிய ஆளாகித் திரும்பி வந்த பிறகு வந்தது. பிள்ளையை எவ்வளவு தூரம் அனுப்பினாலும் ஆபத்தை முழுசாகத் தள்ளிவைக்க முடியாது. ஆனால் பதினைந்து வயதில் அனுப்பியதால் அவருக்குக் கிடைத்த வருஷங்கள் வீண் போகவில்லை. அந்த வருஷங்களில்தான் அவர் ஃபுட்பாலர் ஆனார்.

முதல் சர்வதேச மேட்ச்

தென்னாப்பிரிக்காவை ஃபிஃபா 1961-ல் சஸ்பெண்ட் செய்தது. காரணம் நிறவெறிதான். அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அந்த நாட்டு ஃபுட்பால் சங்கம் 1966 உலகக்கோப்பைக்கு வெள்ளையர் மட்டும் உள்ள டீமையும், 1970-க்குக் கறுப்பர் மட்டும் உள்ள டீமையும் அனுப்புகிறேன் என்று யோசனை சொன்னது! 1976 சொவெட்டோ துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு ஃபிஃபா அந்த நாட்டை முழுசாகவே வெளியேற்றியது.

தடை நீங்கி முதல் மேட்ச் 1992 ஜூலை 7 அன்று டர்பனில் நடந்தது. எதிரணி கேமரூன். 1990 உலகக்கோப்பையில் காலிறுதி வரை போன டீம். தென்னாப்பிரிக்கா ஒன்றுக்கு பூஜ்யம் என்று ஜெயித்தது. டாக்டர் குமாலோவின் பெனால்டி. (டாக்டர் என்பது அவர் பெயரேதான், பட்டம் இல்லை.) ராடெபேக்கும் அதுதான் முதல் சர்வதேச மேட்ச். அப்போது அவருக்கு 23 வயது. அவருக்கு முந்தைய தலைமுறையில் எத்தனையோ திறமைசாலிகள் நாட்டுக்காக ஒரு மேட்ச் கூட ஆடாமலே ஓய்ந்துவிட்டார்கள்.

டர்பன் என்றதும் நமக்கு ஒரு சின்ன சிலிர்ப்பு வரும். 1860-ல் மெட்ராஸிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளோடு வந்த கப்பல் நின்ற துறைமுகம் அதுதான். கரும்புத் தோட்டங்களுக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். அவர்களும் அதே நிறவெறிச் சட்டங்களின் கீழ் வாழ்ந்தவர்கள்தான்.

மெயின் ஆளுக்குத் துணை

1994-ல் லீட்ஸ் யுனைட்டெட் தென்னாப்பிரிக்காவிலிருந்து இரண்டு பேரை வாங்கியது. அவர்களுக்கு உண்மையில் வேண்டியது ஸ்ட்ரைக்கர் ஃபில் மசிங்கா. கூட ஒரு ஊர்க்காரன் இருந்தால் மசிங்காவுக்குத் துணையாக இருக்கும் என்றுதான் ராடெபேயையும் சேர்த்து எடுத்தார்கள். விலை இரண்டரை லட்சம் பவுண்ட். அந்தக் காலத்திலும் இது பெரிய கிளப்களுக்குச் சில்லறைக் காசு.

ஒரு நிமிஷம் அவர் இடத்தில் இருந்து பாருங்கள். புது நாடு, எலும்பைத் துளைக்கும் குளிர், யார்க்‌ஷயர் இங்கிலீஷ். அதற்கு மேல், ‘உன்னைத் தேடி வாங்கவில்லை, அவனுக்குத் துணையாக வாங்கினோம்’ என்ற நிலைமை. அப்போதைய மேனேஜர் ஹோவர்ட் வில்கின்சன் அவரைப் பழக்கமில்லாத இடங்களிலெல்லாம் இறக்கி ஆட வைத்தார். முதல் சீசனிலேயே முழங்காலில் பெரிய காயம்.

மசிங்காவும் நன்றாகத்தான் ஆடினார். தென்னாப்பிரிக்காவை 1998 உலகக்கோப்பைக்குக் கொண்டுபோன கோல் அவர் அடித்ததுதான். ஆனால் லீட்ஸில் அவர் இருந்தது இரண்டே வருஷம். துணைக்கு வந்தவர் பதினொரு வருஷம் இருந்தார்.

அவருக்கு முன்னால் வந்தவர்

லீட்ஸுக்கு வந்த தென்னாப்பிரிக்கர்களில் ராடெபே முதல் ஆள் கிடையாது. 1961-லேயே ஆல்பர்ட் ஜோஹான்சன் என்ற விங்கர் வந்திருக்கிறார். 1965-ல் எஃப்.ஏ. கோப்பை ஃபைனலில் ஆடிய முதல் ஆப்பிரிக்கக் கறுப்பர் அவர்தான். மேட்ச் முடிந்து வெள்ளைக்கார சக வீரர்களோடு ஒரே இடத்தில் குளிக்கத் தனக்கு அனுமதி உண்டா என்று அவர் தயங்கி நின்றதாகச் சொல்வார்கள். அவர் வளர்ந்த நாடு அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அது. மைதானத்தில் எதிரணி ரசிகர்கள் குரங்கு மாதிரி சத்தம் போட்டார்கள். ஆட்டம் ஓய்ந்த பிறகு குடிப்பழக்கம் அவரைத் தின்றது. 1995-ல் லீட்ஸில் ஒரு ஃப்ளாட்டில் தனியாக இறந்தார். சில நாள் கழித்துத்தான் வெளியில் தெரிந்தது.

அந்த வருஷம் ராடெபே அதே ஊரில் இருந்தார். காயத்தோடு, டீமில் இடம் நிச்சயமில்லாமல். ஒரே நாட்டிலிருந்து ஒரே ஊருக்கு, ஒரே கிளப்புக்கு வந்த இரண்டு பேர். முப்பது வருஷ இடைவெளியில் ஒருவர் கதை அப்படி முடிந்தது, இன்னொருவர் கதை அப்போதுதான் தொடங்கியது. இதைத் தனிமனிதத் திறமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நடுவில் லீட்ஸும் மாறியிருந்தது. 1980-களில் எல்லண்ட் ரோடு மைதான வாசலில் இனவெறிக் கட்சிக்காரர்கள் பத்திரிகை விற்றார்கள். அதை எதிர்த்து நோட்டீஸ் அடித்து, கையில் கொடுத்து, சண்டை போட்டவர்களும் லீட்ஸ் ரசிகர்கள்தான். முதலில் வந்தவர்கள் பட்ட பாட்டின் மேல்தான் அடுத்து வந்தவர்கள் நிற்கிறார்கள் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

தடுப்பவரின் கணக்கு

1996 ராடெபேயின் வருஷம். ஜனவரியில் ஆப்பிரிக்க நாடுகள் கோப்பை தென்னாப்பிரிக்காவிலேயே நடந்தது. முழங்கால் காயத்திலிருந்து அப்போதுதான் மீண்டு வந்திருந்தார். பிப்ரவரி 3 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் ஃபைனல், துனீசியாவை 2-0 என்று வென்றார்கள். மண்டேலா மைதானத்தில் இருந்தார். தடை நீங்கி நாலே வருஷத்தில் ஆப்பிரிக்க சாம்பியன்.

அதே ஏப்ரலில் மான்செஸ்டர் யுனைட்டெடுக்கு எதிராக ஓல்ட் டிராஃபோர்டில் லீட்ஸ் ஆடியது. ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் லீட்ஸ் கோல்கீப்பர் மார்க் பீனிக்கு ரெட் கார்ட். பெஞ்சில் மாற்று கீப்பர் இல்லை. சின்ன வயதில் பொழுது போகாமல் கோல்கீப்பராக நின்ற பையன் மறுபடி கையுறை மாட்டினார். அந்த சீசன் சாம்பியன் ஆகப்போகிற டீமை, பத்து பேரோடு, இரண்டாம் பாதியில் வெகுநேரம் வரை தடுத்து நின்றார்கள். கடைசியில் ராய் கீன் ஒரு கோல் போட்டார். 1-0 தோல்விதான். ஆனால் லீட்ஸ் ரசிகர்கள் இன்றும் பேசுவது அந்த ஒரு கோலைப் பற்றி இல்லை. உள்ளே போகாத மற்ற பந்துகளைப் பற்றி.

டிஃபெண்டர் வேலையே அப்படித்தான். நடக்காமல் போனதுதான் அவர் சாதனை. நான் சாஃப்ட்வேரில் இருப்பதால் இது எனக்கு நன்றாகவே புரிகிறது. ராத்திரி சர்வர் விழாமல் பார்த்துக்கொள்பவரை யாரும் கைதட்டிப் பாராட்டுவதில்லை. விழுந்தால் மட்டும் ‘யார் ட்யூட்டி?’ என்று கேட்பார்கள்.

அந்த 1996 செப்டம்பரில் ஜார்ஜ் கிரஹாம் லீட்ஸ் மேனேஜராக வந்தார். தடுப்பாட்டத்தை மதிக்கிற மனிதர். அந்த சீசனில் லீட்ஸ் 38 மேட்ச்சில் அடித்தது வெறும் 28 கோல். லீக்கிலேயே குறைவு அதுதான். கீழே இறங்கிப்போன டீம்கள் கூட அதைவிட அதிகம் அடித்தன. அப்படியும் லீட்ஸ் 20 டீமில் 11-வது இடம் பிடித்தது, ஏனென்றால் பின்னால் கதவு அடைத்திருந்தது. அந்தக் கதவில் நின்றவர்களில் ராடெபே முக்கியமானவர். 1998-ல் அவரையே கேப்டன் ஆக்கினார்கள். அவருக்கு அங்கே வைத்த பட்டப்பெயர் ‘சீஃப்’, அதாவது தலைவர்.

அவர் தலைமையில் லீட்ஸ் மேலே ஏறியது. 1999-2000 சீசனில் லீக்கில் மூன்றாவது இடம், யுஇஎஃப்ஏ கோப்பையில் அரையிறுதி. அந்த வழியில் ஸ்பார்ட்டக் மாஸ்கோவிடம் வெளியூரில் 2-1 என்று தோற்று, வீட்டு மைதானத்தில் ஒரு கோல் கட்டாயம் வேண்டும் என்ற நிலை. கடைசி நிமிஷங்களில் தலையால் முட்டி அந்த கோலைப் போட்டவர் யார் தெரியுமா? லீக்கில் ஒரு கோல் கூட அடிக்காத நம்ம ஆள்தான்.

போகாமல் இருந்தவர்

நாட்டு டீமுக்கும் அவர்தான் கேப்டன். தென்னாப்பிரிக்காவின் முதல் உலகக்கோப்பையான 1998-லும், அடுத்து 2002-லும் டீமை நடத்தினார். 2002-ல் ஸ்பெயினுக்கு எதிராக அவர் போட்ட கோலில் ஸ்கோர் 2-2 ஆனது. மூன்றே நிமிஷத்தில் ரவுல் ஒன்று போட்டு 3-2 ஆக்கிவிட்டார். பராகுவேயும் தென்னாப்பிரிக்காவும் ஒரே புள்ளி, ஒரே கோல் வித்தியாசம். பராகுவே மொத்தத்தில் ஒரு கோல் அதிகம் அடித்திருந்ததால் தென்னாப்பிரிக்கா வெளியே.

உச்சத்தில் இருந்தபோது மான்செஸ்டர் யுனைட்டெட், ஏசி மிலான் மாதிரி பெரிய கிளப்கள் அவர் மேல் கண் வைத்திருந்தன. போகவில்லை. 2000-ல் லீட்ஸ் ரியோ ஃபெர்டினாண்டை 1 கோடியே 80 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அப்போது உலகிலேயே விலை உயர்ந்த டிஃபெண்டர். ராடெபேயின் விலையைப் போல 72 மடங்கு. கடன் வாங்கிக் கட்டிய அந்த வீடு சீக்கிரமே சரிந்தது. ஸ்டார்கள் ஒவ்வொருவராக விற்கப்பட்டார்கள். 2004-ல் லீட்ஸ் பிரீமியர் லீக்கிலிருந்தே இறங்கியது. முழங்கால், கணுக்கால் என்று காயத்துக்கு மேல் காயம் பட்டும் ராடெபே அங்கேயே இருந்தார், கீழ் டிவிஷனிலும். 2005-ல் ஓய்வு பெற்றார். அந்த மே மாதம் அவருக்காக நடந்த வழியனுப்பு மேட்ச்சுக்கு 37,000 பேருக்கு மேல் வந்தார்கள்.

தென்னாப்பிரிக்கக் குழந்தைகளுக்காகச் செய்த வேலைக்காகவும், மைதானங்களில் இனவெறியை எதிர்த்ததற்காகவும் 2000-ல் ஃபிஃபா அவருக்கு ஃபேர் பிளே விருது கொடுத்தது. 2001-ல் லீட்ஸ் வந்த மண்டேலா அவரைக் காட்டி, இவர் என் ஹீரோ என்று சொன்னது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை. வாழ்க்கை அதற்கப்புறமும் சுலபமாக இல்லை. 2008-ல் புற்றுநோயில் மனைவியை இழந்தார்.

வீட்டில் பேச

நம் பெற்றோர் தலைமுறை நமக்குச் சொன்னது பெரும்பாலும் ஒன்றுதான்: ‘முதல்ல வா, முதல் இடத்துல இரு.’ அவர்கள் வந்த நிலைமைக்கு அது நியாயம். ஆனால் நம் பிள்ளைகள் டீமில், வகுப்பில், பிறகு வேலையில், பல நேரம் இரண்டாவது ஆளாகத்தான் உள்ளே போவார்கள். யாரோ ஒருவருக்குத் துணையாக, பழக்கமில்லாத இடத்தில், விலை குறைவாக. அந்த நேரத்தில் அவர்களுக்குச் சொல்ல நம்மிடம் ஒரு கதை வேண்டும்.

ராடெபே கதையை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது மண்டேலாவையும் கோப்பையையும் விட்டுவிட்டு, பதினைந்து வயதுப் பையனை அனுப்பி வைத்த அம்மா அப்பாவிலிருந்து தொடங்கிப் பாருங்கள். கையோடு தாத்தா பாட்டியிடமும் கேட்கச் சொல்லுங்கள்: ‘உங்களை அனுப்பினப்போ உங்க அம்மா என்ன சொன்னாங்க?’ நம் வீடுகளில் பாதிக் கதை அந்தக் கேள்விக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறது. கேட்க ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.